மூன்று நொடி

'தீவகம்' என்ற விளையாட்டு தை மாதம் வெளிவருவதாக இருந்தது. இணையத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது. வீரர், மாலுமி, வேடர், வைத்தியர் என்று ஆளுக்கொரு வேடம். அதில் என்னென்ன இருக்கும் என்று ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. பதினாறு தீவுகள். புயலில் கவிழக்கூடிய கப்பல்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஒரு வீடு.

பழைய விளையாட்டு ஒன்றில் சேர்ந்து ஆடிவந்த மங்கையர்க்கரசியின் குழுவில் இருபத்தேழு பேர். அன்று முழுவதும் அவர்கள் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்கள். இஞ்ஞாசி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பட்டியலில் ஒரு வரியிலேயே அவர் நின்றுவிட்டார்.

'வைத்தியர்கள் இனி விசையைத் தட்டக்கூடாது. விழுந்தவர்களை மந்திரத்தை வாயால் சொல்லித்தான் எழுப்ப வேண்டும்.'

இஞ்ஞாசிக்கு நாற்பத்துநான்கு வயது. தூத்துக்குடியில் லாரிகளை எடை போடும் நிலையத்தில் வேலை. சிறுவயது முதலே திக்குவாய். தன் நிறுத்தத்தின் பெயர் வாயில் வராது என்பதால், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி, இறங்கித் திரும்பி நடந்து வருவார்.

பழைய விளையாட்டில் ஐந்து வருடமாக அவர்தான் குழுவின் வைத்தியர். சண்டையில் விழுந்தவர்களை எழுப்புவார். அங்கே பேச்செல்லாம் எழுத்தில்தான். அவர் திக்குவது அங்கே யாருக்கும் தெரியாது.

மங்கையர்க்கரசி அவரைவிடப் பதின்மூன்று வயது இளையவள். கரூரில் மருந்துக்கடை வைத்திருந்தாள். ஆட்டத்தில் முன்வரிசையில் நின்று கேடயம் பிடிப்பாள். எல்லோருக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் குழுவில் அவளுக்கு ஆசான் என்றே பெயர். இஞ்ஞாசியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் அவளுக்கு எழுதினார்: "ஆசானே, புது ஆட்டத்துக்கு வேற வைத்தியரப் பாருங்க."

"ஏன் அண்ணே?"

ஐந்து வருடமாகச் சொல்லாததை அவர் எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை மதுரையில வெள்ளோட்டம் வைக்கிறாங்க. நம்ம குழுவுல நாலு பேரக் கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வாங்க" என்று மட்டும் எழுதினாள்.

போகக்கூடாது என்றுதான் இருந்தார். ஞாயிறு காலை எப்படியோ மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

மண்டப வாசலில் இருவரும் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். அவர் கேட்க வந்ததைக் கேட்டார். வாயால் கேட்டார்.

"ஆசானே, அந்த... விசை இல்லாம... என்னால ஆ... ஆட முடியாதா?"

நடுவில் இரண்டு பேர் அவர்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அவள் சொல் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, பார்வையைத் திருப்பவும் இல்லை. அவர் முடித்த பிறகே வாய் திறந்தாள்.

"தெரியல அண்ணே. உள்ள போய்ப் பார்ப்போம்."

உள்ளே நாற்பது கணினிகள். ஒரு தீவின் கரையில் இறங்கி, ராட்சத நண்டு ஒன்றைக் கொல்ல வேண்டும். பத்தாவது நிமிடத்தில் மங்கையர்க்கரசி விழுந்தாள். அவளை எழுப்ப இஞ்ஞாசி ஒலிவாங்கியைப் பிடித்தார். மூன்று நொடிக்குள் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: உயிரே திரும்பு.

'உ' என்ற இடத்திலேயே தொண்டை அடைத்தது. சத்தம் வரவில்லை. மூன்று நொடியில் திரை சிவந்தது. மந்திரம் பலிக்கவில்லை என்றது.

மறுபடி முயன்றார். மறுபடி சிவந்தது.

"ஆசானே, நீங்க... போங்க" என்றார்.

விழுந்தவர்கள் ஒரு விசையை அழுத்தினால் கரைக்குப் போய்ப் புதிதாக எழுந்துகொள்ளலாம். மற்றக் குழுக்களில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். அவள் விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட வந்த இருவரும் விழுந்ததும் கரைக்குப் போய்விட்டார்கள். நண்டு அவள்மேல் ஏறி நின்றது. மற்றக் குழுக்கள் அடுத்த தீவுக்குக் கப்பல் ஏறின.

கால் மணி நேரம் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ரிஹானா. வைத்தியர் பகுதியை எழுதியவள் அவள்தான்.

"மேடம், உங்க ஆள் மட்டும் இன்னும் கீழயே கிடக்குது. அந்த விசைய அழுத்துங்க, எழுந்துக்கலாம்."

"எங்க வைத்தியர் எழுப்பிட்டு இருக்காரு."

"மூணு நொடி எப்பவோ முடிஞ்சிருச்சே."

"அவரு இன்னும் சொல்லி முடிக்கலம்மா."

ரிஹானா அப்போதுதான் இஞ்ஞாசியைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதடு திறந்தே நின்றது. பிறகு சொல் முழுதாக வந்தது.

"உயிரே திரும்பு."

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. ரிஹானா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு நொடின்னு வச்சது நான்தான்" என்றாள். "ஆபீஸ்ல எல்லாரையும் சொல்ல வச்சுப் பார்த்தேன். ரெண்டு நொடிக்கு மேல யாருக்கும் ஆகல."



ரிஹானா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சார், இன்னொரு தடவை சொல்றீங்களா? மெதுவாவே சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு நான் குறிச்சுக்கணும்."

அவர் பத்தொன்பது தடவை சொன்னார். ஒரு தடவை ஒரே நொடியில் வந்தது. ஒரு தடவை பதினொரு நொடி ஆனது. ரிஹானா சாப்பிடப் போகவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் திருத்தப்பட்டு வந்தது. இஞ்ஞாசி எடை நிலையத்தில் இருந்தபடி செல்போனில் அதைத் திறந்தார்.

'வைத்தியர்கள் மந்திரத்தை வாயால் சொல்லலாம், அல்லது விசையைத் தட்டலாம். வாயால் சொன்னால், சொல்லி முடிக்கும்வரை ஆட்டம் காத்திருக்கும்.'

மறுபடியும் படித்தார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று மாலை மங்கையர்க்கரசிக்கு போன் செய்தார். போன் செய்து அவர் பேசுவது அதுவே முதல்முறை.

"ஆசானே, நான்... எதால எழுப்பட்டும்? வா... வாயாலயா, விசையாலயா?"

"விழுந்து கிடக்கப்போறது நான், அண்ணே" என்றாள் அவள். "எது வந்தாலும் எழுந்துக்குவேன்."