பார்த்ததற்குக் கூலி பத்து ஜாடி

நெல்லி மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு முள்ளம்பன்றி ஊறுகாய்க் கடை வைத்திருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. ஒரு வளை, வாசலில் ஒரு பலகைக் கல், உள்ளே நாற்பது ஜாடி நெல்லிக்காய் ஊறுகாய். அவ்வளவுதான். ஆனால் அந்த ஊறுகாய்க்காக மூன்று மலை தாண்டிக் கரடி வரும்.

அந்த வருஷம் ஆறு கரையைத் தின்ன ஆரம்பித்தது. முந்தின நாள் இருந்த மண் மறுநாள் காலையில் இருக்காது. மழை தொடங்கினால் கடையும் போகும், ஜாடியும் போகும், மூன்று குட்டிகளும் போகும் என்று முள்ளம்பன்றிக்குத் தெரிந்துவிட்டது. மலைமேட்டில், இலுப்பை மரச் சந்திப்பில், ஒரு நல்ல வளை காலியாக இருந்தது. வாரச் சந்தை கூடும் இடம். வியாபாரத்துக்கும் தோதானது.

சரி, நாற்பது ஜாடியை எப்படி மேலே ஏற்றுவது?

அந்தக் காட்டில் மூட்டை முடிச்சு தூக்கும் வேலையை ஒரு நரிக் கூட்டம் வளைத்துப் போட்டிருந்தது. மொத்தம் ஏழு நரிகள். அதில் தின்று கொழுத்தது எதுவோ அதுதான் தலைவன். யாராவது வீடு மாற்றப்போகிறார்கள் என்று மூக்கில் பட்டால் போதும், அழைக்காமலே வந்து நிற்கும்.

அன்றைக்கும் வந்தது. ஜாடிகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது.

"என்ன அக்கா, கடையை மாத்தறியாமே! சொல்லவே இல்லையே! கவலைப்படாதே. நாற்பது ஜாடி இருக்கு. இருபது உனக்கு, இருபது எங்களுக்கு. அலுங்காம கொண்டுபோய் இறக்கிடுவோம்."

"பாதியா!" என்று முள்ளம்பன்றி வாயைப் பிளந்தது. "ஏன் அண்ணே, மலைக்குத்தானே போறோம்? நிலாவுக்கா போறோம்?"

"ரேட்டு அதுதான். பேரம் கீரம் எல்லாம் வேண்டாம்."

முள்ளம்பன்றி யோசித்துப் பார்த்தது. மழைக்காலம் நான்கு மாதம். முப்பத்தைந்து ஜாடியாவது விற்றால்தான் தானும் மூன்று குட்டிகளும் வயிறு நிறையச் சாப்பிடலாம். இருபதைக் கொடுத்துவிட்டால் பாதி மழையிலேயே பட்டினிதான்.

"அண்ணே, எனக்கு நீங்க வேண்டாம். என் சாமானை நானே கொண்டுபோய்க்கிறேன்."

நரி சிரித்தது. "பார்க்கலாம் அக்கா, பார்க்கலாம்."

நரி போனதும் முள்ளம்பன்றி வேலையில் இறங்கியது. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று முதலில் பார்த்தது. விரிசல் விட்ட ஏழு காலி ஜாடிகள் மூலையில் கிடந்தன. அவற்றைப் பக்கத்து எலிகளுக்குக் கொடுத்தது. குடியிருக்க ஜாடி கிடைத்த சந்தோஷத்தில் எலிகள் காட்டுக்கொடியை நீளநீளமாகக் கடித்து அறுத்துக் கொடுத்தன. கயிற்றுச் செலவு மிச்சம். ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவில் திணிக்கச் சருகு இருக்கவே இருக்கிறது.

"அம்மா, அம்மிக்கல்லு?" என்று ஒரு குட்டி கேட்டது.

"அடப் போடா! மலைக்குக் கல்லைச் சுமந்துக்கிட்டுப் போறதா? அங்கே கல்லுக்கா பஞ்சம்!"

கட்டியாயிற்று. தூக்குவது யார்? பத்துக் காட்டெருமைகள் தினமும் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி, ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு, வெறும் முதுகோடு திரும்பி ஏறிப் போகும். எத்தனையோ வருஷமாக எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வெறும் முதுகு முள்ளம்பன்றியின் கண்ணுக்குத்தான் பட்டது.

நேரே மூத்த காட்டெருமையிடம் போனது.

"பெரியம்மா, எப்படியும் மேலேதான் போறீங்க. ஆளுக்கு நாலு ஜாடி தூக்கிக்கிட்டுப் போனா என்ன? ஊறுகாய் ஜாடியிலே மேலே நிக்கிற உப்புத் தண்ணியை ஒரு வாரத்துக்குப் பாறையிலே ஊத்தறேன். ஆசை தீர நக்கிக்கோங்க."

உப்பு என்றதும் காட்டெருமையின் நாக்கு தானாக வெளியே வந்தது. உப்புக்காக அவை பாதி நாள் நடந்து உவர்மண் தேடிப் போகிறவை.

"இவ்வளவு நாளா இது உனக்குத் தோணலையா, பெண்ணே? கட்டு, கட்டு!"

மறுநாள் காலை ஊர்வலம் கிளம்பியது. பத்து எருமைகள், நாற்பது ஜாடிகள், பின்னால் மூன்று குட்டிகள். வழியோரம் ஒரு பெரிய பாறை. அதன்மேல் ஏழு நரிகளும் வரிசையாக உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தன. ஜாடி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

பாறையைத் தாண்டும்போது புதரிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று கிளம்பியது. ஓர் இளம் எருமை மிரண்டு துள்ளியது. மூன்று ஜாடிகள் கீழே விழுந்து உடைந்து, ஊறுகாய் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டது. முள்ளம்பன்றிக்கு அழுகையே வந்துவிட்டது. பாறைமேல் நரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

மூத்த காட்டெருமை தலை குனிந்தது. "தப்பு எங்களுதுதான், பெண்ணே. கூலி வாங்கறோம், சேதம் வந்தா நாங்கதான் பொறுப்பு. மூணு நாள் உப்பு எங்களுக்கு வேண்டாம்."

மீதி முப்பத்தேழு ஜாடிகளும் பத்திரமாக இலுப்பை மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. குட்டிகள் சருகைப் பிரித்து எறிந்து விளையாடின. முள்ளம்பன்றி "அப்பாடா" என்று உட்கார்ந்தது. உட்கார்ந்த சூடு ஆறவில்லை, வாசலில் ஏழு நரிகள்!

"கூலியைக் கொடு அக்கா. பத்து ஜாடி."

"கூலியா? எதுக்கு? நீங்க தூக்கவே இல்லையே!"

"தூக்கினா இருபது. தூக்காம பார்த்துக்கிட்டு இருந்தா பத்து. காலையிலேருந்து வேலை வெட்டியை விட்டுட்டுப் பாறையிலே காத்துக் கிடந்தோமே, அது சும்மாவா?"

கேட்டீர்களா அநியாயத்தை! வேலை செய்யாமல் இருந்ததற்கும் கூலி! பத்து ஜாடி போனால் மிச்சம் இருபத்தேழு. குட்டிகளின் வயிற்றில் ஈரத்துணிதான். முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"ஒரு துண்டு நெல்லிக்காய்கூடக் கிடையாது. போய் வேலையைப் பாருங்க!"

"எங்க வேலையே இதுதான்" என்று சொல்லிவிட்டு, ஏழு நரிகளும் கடை வாசலிலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டன.

ஊறுகாய் வாங்க வந்த மான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. மலை தாண்டி வந்த கரடிகூட, "உங்க சண்டை முடியட்டும், அப்புறம் வரேன்" என்று போய்விட்டது. இரண்டு நாள் ஒரு வியாபாரமும் இல்லை. குட்டிகள் வெறும் ஊறுகாயைத் தின்றுவிட்டு, வயிறு எரிகிறது என்று அழுதன. பெற்ற மனம் துடிக்காதா? துடித்தது. ஆனாலும் முள்ளம்பன்றி அசையவில்லை.

பக்கத்து வளையிலிருந்து முயல் மெல்ல வந்தது. பயந்த பிராணி. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டுதான் பேசும்.

"அக்கா, கொடுத்துத் தொலைச்சிடேன். கோடையிலே நான் வளை மாத்தினப்போ என் கிழங்கை நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். அப்பவும் இதுங்க பார்த்ததுக்குக் கூலி கேட்டுச்சு. பாதியைக் கொடுத்துட்டேன். மயில் கொடுத்துது, உடும்பு கொடுத்துது. எல்லாரும் கொடுக்கறாங்க அக்கா. வம்பு எதுக்கு?"

"பாதிக் கிழங்கைக் கொடுத்துட்டு என்ன சாப்பிட்டே?"

முயலின் காது தொங்கிப்போயிற்று.

"நீ கொடுத்தே, அதனாலே மயில்கிட்ட கேட்டாங்க. மயில் கொடுத்துது, என்கிட்ட வந்து நிக்கறாங்க. நானும் கொடுத்தா நாளைக்கு யாரு? நான் கொடுக்க மாட்டேன். வியாபாரமே படுத்தாலும் சரி, கொடுக்கவே மாட்டேன்!"

அப்படி வீறாப்பாகச் சொன்ன முள்ளம்பன்றி வெளியே வந்து, நரியிடம் குரலைத் தணித்துக்கொண்டு பேசியது.

"அண்ணே, நாளைக்குச் சந்தை. நாலு பேர் முன்னாலே கணக்கை முடிச்சிடறேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க."

தலைவன் நரிக்குக் குஷி தாங்கவில்லை. இந்த முள்ளு மூஞ்சி எல்லோர் முன்னாலும் பணிந்தால், இனி காட்டில் எவன் வாயைத் திறப்பான்? தானே ஊர் ஊராக ஓடி, "வாங்க, வாங்க, முள்ளம்பன்றி கூலி கொடுக்கப்போகுது" என்று கூப்பிட்டு வந்தது.

மறுநாள் இலுப்பை மரத்தடியில் நிற்க இடம் இல்லை. மான், மயில், உடும்பு, கரடி, எலிகள், பத்துக் காட்டெருமைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் முயல்.

முள்ளம்பன்றி நடுவில் வந்து நின்றது.

"அண்ணே, என் சாமான் வந்த அன்னிக்கு நீங்க வேலையிலே இருந்தீங்களா?"

"பின்னே! விடிஞ்சதிலேருந்து இருந்தோம்."

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும்தான்!"

"கூலி வாங்கிக்கப் போறது நிச்சயம்தானே?"

"அதுக்குத்தானே அக்கா வந்திருக்கோம்!" என்று நரி கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

முள்ளம்பன்றி உள்ளே போய் ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தது. உள்ளே ஜாடி ஓடுகள்.

"அன்னிக்கு மூணு ஜாடி உடைஞ்சுது. கூலி வாங்கறவங்கதான் சேதத்துக்குப் பொறுப்பு. பெரியம்மா, உங்க பங்கைக் கொடுத்துட்டீங்களா?"

"மூணு நாள் உப்பை விட்டுட்டோம்" என்றது மூத்த காட்டெருமை.

"தூக்கினவங்க பங்கு வந்துடுச்சு. நீங்களும் கூலிக்காரங்கதானே, உங்க பங்கு எங்கே அண்ணே? ஏழு பேரும் நாளைக்கே கிளம்புங்க. நெல்லிக்காய் பொறுக்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, நாப்பது நாள் வெயில்லே வச்சு, காக்கா கொத்தாம காவல் காத்து, மூணு ஜாடி ஊறுகாய் போட்டு எடுத்துட்டு வாங்க. அதைக் கொண்டுவந்து வச்சதும், உங்க பத்து ஜாடியைத் தூக்கிக்கிட்டுப் போங்க."

வேலை என்ற பேச்சைக் கேட்டதும் நரிகளுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"ஐயோ! எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தலைவன் கத்தியது. "எருமை உடைச்சுது! நாங்க ஒரு ஜாடியைக்கூடத் தொடலையே!"

"பின்னாலே இருக்கறவங்களுக்குக் கேட்கலையாம். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

தலைவனுக்குச் சுருக்கென்று புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டது. ஆனால் பக்கத்தில் நின்ற நரி ஒரு மண்டு. எங்கே நெல்லிக்காய் பொறுக்க அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், மரத்தில் இருந்த குருவிகள் பறக்கும்படி அலறியது.

"சத்தியமா சொல்றோம்! நாங்க ஒரு வேலையும் செய்யலை! பாறையிலே உட்கார்ந்து எலும்பு கடிச்சுக்கிட்டு இருந்தோம்! ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடலை!"

சந்தையே சிரித்தது. கரடி சிரித்த சிரிப்பில் இலுப்பைப் பூ உதிர்ந்தது.

சிரிக்காதது முயல் மட்டும்தான். அது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தது. இந்தத் தடவை சுற்றும் முற்றும் பார்க்கவில்லை.

"அப்போ என் கிழங்கு? எலும்பு கடிச்சதுக்கா நான் என் கிழங்கைக் கொடுத்தேன்? எடு என் கிழங்கை!"

"என் அத்திப்பழத்தை எடு!" என்று மயில் அகவியது. "என் தானியம்!" "என் ஈசல்!" என்று நாலா பக்கமும் குரல் கிளம்பியது. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. நரிகள் ஒரு அடி பின்னால் போயின. அப்புறம் இரண்டு அடி. அப்புறம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம்தான். தின்றுவிட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ன?

சரிவில் இறங்கும்போது தலைவன் நரி திரும்பி நின்று கறுவியது.

"ரொம்ப ஆடாதே! நாளைக்கு நீ மறுபடி கடையை மாத்தாமலா போயிடுவே? அன்னிக்கு வச்சுக்கறேன்!"

"மாத்துவேன்! அன்னிக்கும் என் ஜாடியை நானேதான் கொண்டுபோவேன்" என்று முள்ளம்பன்றி மரத்தடியிலிருந்து கத்தியது. "நீங்களும் வந்து பாறையிலே உட்காருங்க, வேடிக்கை பாருங்க! பார்க்கறதுக்கு நான் காசு கேட்க மாட்டேன்!"

நீதி: செய்யாத வேலைக்குக் கூலி கேட்டால் கொடுத்துத் தொலைக்காதே, எதற்கு என்று எல்லோர் முன்னாலும் கேள்.