அரண்மனைக்குப் பால் கொடுத்தவள்

பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு ஆனைக்குளம் அரண்மனை ராணி கண்ணை மூடிவிட்டாள். பண்ணை வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒச்சம்மாவைப் பால் கொடுக்க இழுத்து வந்தார்கள்.

"உன் பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கொடுக்கக் கூடாது" என்று சொன்ன ஜமீன்தார், அவள் கைக்குழந்தையைத் தொழுவத்தில் போடச் சொன்னார். அது அங்கே கத்திக் கத்தி ஓய்ந்துகொண்டிருந்தது. இங்கே வாரிசு சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது.

"பாலை அடக்கிக்கிட்டா இருக்கே, கழுதை? தோலை உரிச்சிருவேன்!"

ஒச்சம்மா தலை நிமிரவில்லை. "உரிங்க சாமி. உங்க தொழுவத்துல கன்னு ஊட்டாம எந்த மாடு சுரக்குது? கேட்டுப் பாருங்க."

வாசலில் நின்ற மாட்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "சுரக்காதுங்க மகாராசா. கன்னை விட்டப்புறந்தான் கறக்கிறோம்."

வாரிசின் குரல் கம்மியது. "தூக்கிட்டு வாடா அந்தச் சனியனை!" என்று ஜமீன்தாரே கத்தினார்.

சாணி ஒட்டிய பிள்ளை முதலில் குடித்தது. அன்றையிலிருந்து அரண்மனை வாரிசுக்கு இரண்டாம் பந்திதான்.