மதில்மேல் சுட்ட ராஜாவும் குண்டு வார்ப்பவன் மனைவியும்

வேங்கைமலைச் சீமையை முன்னொரு காலத்தில் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கட்டியணைத்தவனை மாலையில் விரட்டுவான். மாலையில் விரட்டியவனை மறுநாள் தேடுவான். தாத்தா விட்டுப்போன துப்பாக்கி என்றால் அவனுக்கு உயிர். அதோடு இரண்டு வழக்கங்களும் வந்திருந்தன. தாத்தாவின் பொன் வளையத்துக்குள் பிசகாமல் நுழைகிற ஈயக்குண்டைத்தான் போட வேண்டும். இரண்டாவது, குண்டு நகராமலிருக்கச் சிப்பாய்கள் குழலுக்குள் கந்தல் திணிப்பார்கள். ராஜாவின் குழலுக்குள் கந்தல் போகவே கூடாது.

குண்டு வார்ப்பவன் முத்திருளன். "முத்து மாதிரி வார்க்கிறாயடா" என்று ராஜா ஒருநாள் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து ஆயுதசாலைத் தலைவர் திருமேனிநாதருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷமாகச் செங்கல்பொடி போட்டு அந்தக் குழலை உள்ளும் புறமும் பளபளக்கத் தேய்ப்பவர் அவர். அவரை யாரும் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை.

அந்த வருஷ வேட்டையில், விருந்துக்கு வந்த ராஜாக்களின் கண்ணெதிரே, மூன்று குண்டும் பன்றியைத் தொடாமல் போயின.

"குண்டு கோணல், பிரபு" என்றார் திருமேனிநாதர்.

"வளையத்துல போட்டுப் பாருங்க மகாராஜா, சரியாத்தான் இருக்கு" என்று முத்திருளன் கும்பிட்டான்.

"சரியா? அப்படியானால் வெள்ளிக்கிழமை காலையில் நீயே எதிரில் நில். உன் குண்டாலேயே சுடுகிறேன். பட்டால் நல்ல வார்ப்புக்காரன்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். படாவிட்டால் பொய்யன், தலையை எடுத்துவிடலாம்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

சிறையில் அவனைப் பார்க்கப் போனாள் மனைவி அங்கம்மாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே பேசினான்.

"குழல் தேஞ்சு அகலமாயிருச்சு, அங்கம்மா. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். குண்டு உள்ளே லொடலொடன்னு ஆடுது. பெருசா வார்த்தா வளையத்துல நுழையாது. ராஜ அளவை மாத்தினேன்னு தலை போகும்."

"சொல்லியிருக்கலாமே?"

"தாத்தா அளவு ஆகாதுன்னு எந்த வாயால சொல்ல? நீ சொல்றியா?"

அவள் அவன் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"வீட்டுல இருக்கற ஈயத்தை வித்துட்டு உங்க அண்ணன் ஊருக்குப் போயிரு."

மூன்று நாள் அவள் சோறு பொங்க அடுப்பு மூட்டவில்லை. யோசித்து யோசித்து ஒரே ஒரு வழி தெரிந்தது. அதிலும் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ராஜாவின் காலில் விழுந்தாள். "பிரபு, நீங்களும் அவரும் ஒரே தரையில எதிரெதிரா நின்னா சரிக்குச் சரி சண்டை மாதிரி இருக்காதா? நீங்க கோட்டை மதில்மேல நில்லுங்க. அவர் கீழே அகழிக்குள்ள நிக்கட்டும்."

"புருஷனுக்குக் குழியையும் இவளே காட்டுகிறாள்!" என்றார் திருமேனிநாதர்.

"உமக்குத் தோன்றாத மரியாதை இவளுக்குத் தோன்றுகிறது, பாரும்" என்று ராஜா மதிலேறினான்; சபையும் அங்கம்மாளும் பின்னாலேயே ஏறினார்கள்.

அங்கம்மாளுக்கு ஒரு பயம் மிச்சமிருந்தது. குழலில் கரி படிந்திருந்தால் குண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். "ஐயா, இன்னிக்குக் குழலைத் தேய்ச்சாச்சா?" என்று திருமேனிநாதரைக் கேட்டாள்.

"விடியுமுன்னே தேய்த்தாயிற்று. முகம் பார்க்கலாம். உனக்கென்ன வந்தது?"

வற்றிப்போன அகழியில் முத்திருளன் கண்ணை இறுக மூடி நின்றான். ராஜா வெடிமருந்து கெட்டித்து, குண்டு போட்டு, குழலைக் கீழே சாய்த்துக் குறி பார்த்தான். குண்டு வழுக்கி உருண்டு, குழல்வாயிலிருந்து நழுவி, முத்திருளன் காலடியில் தொப்பென்று விழுந்தது. அதன்பிறகுதான் வெடித்தது, வந்தது வெறும் புகை. மறுபடி கெட்டித்தான். மறுபடியும் தொப்.

"என்னடி மாயம் இது?"

"மாயமில்ல பிரபு. குண்டு வளையத்துக்குச் சரி, குழலுக்குச் சின்னது." மடியிலிருந்து கம்பி பதித்த ஈயக்கட்டி ஒன்றையும் சிறு சுத்தியலையும் எடுத்தாள். குழல்வாயில் எண்ணெய் தடவி, கட்டியைச் சுத்தியலால் தட்டி இறக்கி, கம்பியைப் பிடித்து உருவினாள். குழலின் அளவு அதில் அப்படியே பதிந்திருந்தது. ராஜா அதை வளையத்தில் வைத்து அழுத்தினான். நுழையவில்லை.

"தாத்தாவின் அளவு தப்பா?" ராஜா வளையத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அன்னிக்கு அது சரிதான் பிரபு. முப்பது வருஷமாச் செங்கல்பொடி குழலைத் தின்னுருக்கு."

ராஜா மெல்லத் திரும்பினான். "திருமேனிநாதரே, தேய்க்கும் ஆசை உமக்கு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. மடைப்பள்ளியில் நாற்பது அண்டா கிடக்கிறது. போம்."

முத்திருளனைப் பார்த்துச் சிரித்த அதே சபை இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

அகழியிலிருந்து முத்திருளனைத் தூக்கிவிட்டார்கள். அங்கம்மாள் தாங்கிக்கொண்டாள்.

"என்ன வேண்டும், கேள்!" என்றான் ராஜா.

"எங்களை ஊருக்கு அனுப்பிருங்க பிரபு."

"இத்தனை அறிவை விட்டுவிடுவேனா? இன்றுமுதல் ஆயுதசாலை உங்களுடையது. கோட்டைக்குள்ளேயே வீடு. அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டை. குழலுக்கேற்ற குண்டாக வார்த்து வையுங்கள்." தன் சரிகைச் சால்வையை எடுத்து முத்திருளன் தோளில் போர்த்திவிட்டுப் போனான்.

முத்திருளன் சால்வையின் சரிகையைத் தடவிப் பார்த்தான். "அளவு கிடைச்சிருச்சு, அங்கம்மா. இனி பிசகாது. நீ ஏன் அழுவுற?"

அவள் மதில்மேல் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள். குறி வைக்கும்போது ராஜாவின் கை முழங்கைவரை ஆடியது. இனிக் குறி தப்பினால், பழிபோட அந்தக் குழல்கூட இல்லை.