நம்ம தண்ணி

மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் கரிசல் காட்டில் ஒரு கண்மாய் இருந்தது. மேற்கே தூரத்தில் தெரியும் மலையைக் கண்டாலே அதற்கு வயிறு எரியும். "எந்நேரமும் பச்சைப் பட்டு உடுத்திக்கிட்டு நிக்கிறா பாரு, மினுக்கி!" என்று முணுமுணுக்கும்.

எரியாதா பின்னே? ஆடி பிறந்தால் மேல்காற்று கடலிலிருந்து மழையைச் சுமந்து வருவான். அத்தனையையும் மலையிடம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வந்து புழுதியை வாரி இறைப்பான்.

ஒரு வருஷம் கண்மாய் அவனை மறித்தேவிட்டது. "ஏன்டா, அவளுக்கு மழை, எனக்குப் புழுதியா?"

"நான் என்ன செய்ய? குறுக்கே நிக்கிறா. அவ மேல ஏறும்போது குளிர் தாங்காம சுமை தானா இறங்கிடுது."

"பக்கத்துல கணவாய் இருக்கில்ல? அடுத்த ஆடிக்கு அது வழியா வா. அவளுக்கு ஒரு சொட்டு விடாதே!"

கண்மாய் சொன்னபடியே மறு ஆடியில் காற்று கணவாய் வழியாகவே வந்தான். வானம் கறுத்தது. கண்மாய்க்குத் தலைகால் புரியவில்லை. "இறக்கு, இறக்கு!" என்று கத்தியது.

"எப்படி இறக்க? ஏறினாத்தானே இறங்கும்! இங்க முட்டிக்க ஒரு மேடு உண்டா?" என்றபடி அவன் கிழக்கே ஓடியே போய்விட்டான்.

போகட்டும், மலையும் காய்ந்தாளே! அவள் பச்சை வெளுக்க வெளுக்கக் கண்மாய் ஆசைதீரப் பார்த்து ரசித்தது.

ஆவணியில் இருளாயி குடத்தோடு கண்மாய்க்குள் இறங்கினாள். மிளகாய் நாற்றுப் பாவியிருந்தாள். கண்மாயில் சேறுதான் கிடந்தது.

"என்னங்க, நம்ம தண்ணி இன்னும் வரலையே? நாத்தெல்லாம் கருகுதுங்க!"

கரையில் நின்ற அவள் புருஷன் பூவலிங்கம் கையை விரித்தான். "எங்கிருந்து வரும் புள்ள? மலையில மழையே இல்லையாம். அங்க பெஞ்சு, ஆறு பெருகி, வரத்துக்கால்ல ஓடி வந்தாத்தானே நம்ம கண்மாய்க்கு?"

கண்மாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே 'நம்ம தண்ணி, நம்ம தண்ணி' என்று சொல்லக் கேட்டு, அது தன்னிடமே ஊறுகிற தண்ணீர் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தது!

இருளாயி சேற்றைத் தோண்டிக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தாள். குடத்தின் அடிகூட நனையவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கண்மாயால் அதைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்காற்று மறுபடி வந்தான். கண்மாய் பல்லைக் கடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டது.

"டேய், இனிமே மலை வழியாவே வா. வந்து, எல்லாத்தையும் அவ தலையிலேயே கொட்டித் தொலை!"