மிதவைக்குப் பின்னால் போன படகு

அந்தத் தீவின் பவளத்திட்டை ஒட்டி ஓடும் நீரோட்டம் பொல்லாதது. காலையில் ஒருவர் அதில் தவறவிட்ட பல்செட், மத்தியானம் பக்கத்துத் தீவில் ஒரு களவா மீனின் வாயில் சிரித்தது. பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அங்கே கடலுக்கடியில் மூழ்கி நீந்தக் கற்றுத் தருபவர் ஜெபமாலை. வயது முப்பத்தாறு. அவருடைய மாணவர் கோதண்டபாணிக்கு அறுபத்தொன்று. நாற்பது வருடம் நகரத்து நீச்சல்குளத்தில் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர்; மோட்டார் படகும் ஓட்டத் தெரிந்தவர்.

ஒரு நாள் சாயங்காலம் கோதண்டபாணி வந்து, இரண்டு பக்கப் புகார்க் கடிதத்தை ஜெபமாலையின் மேசையில் அறைந்தார்.

"மாஸ்டர், உங்க படகோட்டியை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க. இல்லேன்னா இது துறைமுக அதிகாரிக்குப் போகும். அந்த ஆள் லைசென்ஸ் கிழியணும்."

"சூசைமாணிக்கம் என்ன சார் பண்ணினார்?"

"இறக்கிவிட்ட இடத்தில படகு இல்லை! நீங்க பாட்டுக்கு நீரோட்டத்தோட போய்க்கிட்டே இருந்தீங்க. பாதியில நான் திரும்பிட்டேன். தண்ணியை எதிர்த்து அடிச்சு வந்து, குதிச்ச இடத்தில மேசை மாதிரி தட்டையா விரிஞ்சிருந்த பவளத்துக்கு நேர் மேலே எழும்பினேன். ஒரு முழம் பிசகலை. பார்த்தா, வெறும் கடல்! முக்கால் மணி நேரம் தேங்காய் மட்டை மாதிரி மிதந்தேன்!"

வாசலில் நின்ற சூசைமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி தெற்கே போகுது. நீங்க இருக்கிற இடத்தைக் காட்ட மாஸ்டர் கயித்தில பிடிச்சிருந்த மிதவை தெற்கே போகுது. நானும் தெற்கே போனேன். நீங்க வடக்கே திரும்பினதை எனக்கு மீனா வந்து சொல்லும்?"

"எதிர்த்துப் பேசாதய்யா! கிளம்பின சுவருக்குத் திரும்பி வந்து தொடுறதுதான் நீச்சல். நாற்பது வருஷமா அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"கடலுக்கு ஏது சார் சுவர்? மூணு பிள்ளைங்க இருக்கு எனக்கு. லைசென்ஸ் போனா அதுங்க எதைத் தொடும்?"

ஜெபமாலை கடிதத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். நாளைக்கு அனுப்பலாம். காலையில ஒரு தடவை கடலுக்குப் போயிட்டு வந்துடுவோம். படகை நீங்க ஓட்டுங்க. சூசைமாணிக்கம் மூழ்கட்டும்."

"பேஷா! படகை எப்படி நிறுத்தறதுன்னு இந்த ஆளுக்குக் காட்டறேன்."

மறுநாள் காலையில் அதே மேசைப் பவளத்துக்கு மேலே சூசைமாணிக்கம் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார். குதிக்கும்போது கோதண்டபாணியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கோதண்டபாணி கரையிலிருந்த கலங்கரை விளக்கையும் ஒற்றைத் தென்னையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, என்ஜினைக் கூட்டிக் குறைத்து, படகை அசையாமல் பிடித்தார்.

"பார்த்தீங்களா மாஸ்டர்? ஒரு முழம் பிசகுதா?"

ஜெபமாலை அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார்."

ஆரஞ்சு நிற மிதவை தெற்கே நகர்ந்தது. ஐம்பது அடி. நூறு அடி. கோதண்டபாணி தென்னையைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், மறுபடி தென்னையைப் பார்த்தார்.

"இந்த ஆள் எங்கே போறார்?"

"தண்ணி போற இடத்துக்கு."

மிதவை இப்போது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரிந்தது. ஒரு அலை எழும்பி அதை மறைத்தது. அலை தாழ்ந்த பிறகும் அது கண்ணில் படவில்லை.

"மாஸ்டர்! மிதவை எங்கே?"

ஜெபமாலை இன்னொரு கடலையை உரித்தார்.

"கடலையை வையுங்க மாஸ்டர்! கீழே ஒரு மனுஷன் இருக்கார்!"

கோதண்டபாணி என்ஜினை முறுக்கினார். தென்னையும் கலங்கரை விளக்கும் விலகி, பின்னால் போயின. எழுந்து நின்றபடியே ஓட்டினார். மிதவை மறுபடி கண்ணில் பட்டதும், "அதோ! அதோ!" என்று கத்தினார். அதன் பின்னாலேயே, கயிற்றில் படாமல், அரை மணி நேரம் போனார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

படகிலிருந்து பத்தடியில் சூசைமாணிக்கத்தின் தலை எழும்பியது. கோதண்டபாணி என்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் அவரைத் தூக்கி உள்ளே போட்டார்.

"பயந்துட்டேன்யா," என்றார்.

சூசைமாணிக்கம் மூச்சு வாங்கியபடி அவரையே பார்த்தார். "நேத்து நானும்தான் சார்."

கோதண்டபாணி சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஓரம் நனைந்திருந்தது. கிழிக்கப் போனார்.

ஜெபமாலை அவர் கையைப் பிடித்தார்.

"கிழிக்காதீங்க சார். இறக்கிவிட்ட இடத்தில படகு இல்லைங்கிறது இன்னைக்கும் உண்மைதானே? தேதியையும் படகோட்டி பேரையும் மட்டும் மாத்தி எழுதிக் கொடுங்க. நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."