கால் ஒடிஞ்சவன்

அம்மாவின் சாவுக்கு வராததற்குத் தம்பி சொன்ன காரணத்தை ஆத்மநாதன் பதினோரு வருடமாக நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"கால் ஒடிஞ்சு கிடந்தேண்ணே" என்றிருந்தான் பரமகுரு. அதோடு பேச்சு அறுந்தது.

பந்தயக் குதிரை வாங்கியபோது ஆத்மநாதன் அதற்குக் 'கால் ஒடிஞ்சவன்' என்று பெயர் பதிந்தார். தம்பி காதுக்கு எட்டட்டும் என்றுதான். பந்தயத் திடலில் யாரும் அதிசயப்படவில்லை. 'மாமியார் வர்றாங்க' என்ற குதிரை ஓடுகிற இடம் அது. 'இன்னொரு டீ' போன மாதம்தான் கோப்பை வாங்கியிருந்தது.

குதிரையைப் பழக்கிய ஜைனுலாப்தீன் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஆத்மநாதனுக்கு அவர் ஆசான். பெயர் வைத்த காரணத்தை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆசான் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. லாயத்தில் அது ராசா.

"என்ன ஆசானே, பேரைக் கேட்டா சிரிப்பு வரலியா?"

"குதிரைக்கு வரலியே, சார்."

அன்றைய பந்தயத்தில் ஒலிபெருக்கி கத்தியது. "கால் ஒடிஞ்சவன் முன்னால! யாராலும் பிடிக்க முடியல!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆத்மநாதனும் சிரித்தார்.

வளைவில் குதிரை குப்புற விழுந்தது. எழப் பார்த்தது. முன்னங்கால் ஒன்று தனியாக ஆடியது.

"கால் ஒடிஞ்சவன்..." என்று ஆரம்பித்த ஒலிபெருக்கி அப்படியே நின்றுவிட்டது. சிரித்த வாய்கள் மூடவில்லை.

குதிரையைச் சுற்றிப் பச்சைத் திரை கட்டினார்கள். உள்ளே மருத்துவர் உயிரை அடக்கும் ஊசியோடு, ஆத்மநாதனின் சம்மதத்துக்குக் காத்திருந்தார்.

"நான் வெச்ச பேராலயா, ஆசானே?"

"மண்ணு ஈரம், சார். பேருக்கு இதுல வேலையில்ல."

ஆசான் அவர் கையைப் பிடித்து அந்தக் காலின்மேல் வைத்தார். கொதித்தது. தோலுக்கடியில் எலும்பு நறநறத்தது. குதிரை அவரையே பார்த்தது.

"இத வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் வர முடியும், சார்?"

"ஒரு அடிகூட முடியாது, ஆசானே."

"பெத்த தாய் போயிட்டாலுமா?"

ஆத்மநாதன் குதிரையின் கழுத்தைத் தடவினார். பிறகு மருத்துவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

திரைக்கு வெளியே வந்து தம்பியைப் போனில் அழைத்தார்.

"அண்ணனா?"



"அன்னிக்கு... ரொம்ப வலிச்சுதாடா?"