விராலின் வாலை விரித்துப் பார்ப்பது ஏன்?

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் பேச்சு வரும். தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினால் போதும், கரையில் துணி துவைக்கிறவர்களோடு ஊர்வம்பெல்லாம் பேசலாம்.

மலையடிவாரத்து ஆற்றில் கருக்குமடு என்று ஓர் ஆழமான இடம். அங்கே ஒரு விரால் குஞ்சு பொரித்திருந்தது. விரால் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாகத் திரியும். தாய் அடியிலேயே நின்று காவல் காக்கும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு ஓட்டம் நின்று, கருக்குமடு மட்டும் குட்டையாகத் தேங்கியது. தண்ணீர் வற்ற வற்ற நாரைகள் கூடின. விராலோ மற்ற மீன் மாதிரி அடியிலேயே கிடக்க முடியாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு குஞ்சும் மேலே போய்த் திரும்புகிறவரை தாய்க்கு உயிர் உயிராக இருக்காது.

"நிழல் விழுந்தா என்ன செய்யணும்?" என்று கேட்கும்.

"கீழ போகணும்!"

"பசிச்சா?"

"முதல்ல கீழ போகணும், அப்புறமாப் பசிக்கணும்!"

இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் சிவப்புக் கூட்டம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது.

குருவம்மா என்று ஒருத்தி அங்கே துணி துவைக்க வருவாள். கைப்பிள்ளைக்காரி. அவள் புருஷன் மூக்கையா தூண்டில் போட்டுப் பிழைக்கிறவன். ஒரு நாள் பிள்ளையை மரத்துத் தூளியில் போட்டுவிட்டு அவள் குனிந்தபோது, விரால் தலையை நீட்டியது.

"அக்கா, உங்க வீட்டுல மாட்டுக்குத் தண்ணி காட்டுற கல்தொட்டி இருக்காமே?"

"தொட்டி இருக்கு. மாடுதான் இல்ல."

"மழை வர்ற வரைக்கும் என் பிள்ளைகளை அதுல வெச்சிருப்பியாக்கா?"

குருவம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தூண்டில்காரன் பொண்டாட்டிகிட்டப் பிள்ளையைக் குடுக்குற மொத மீனு நீதான்டி!"

"நாரைகிட்டயா குடுக்க முடியும்? நீயும் பிள்ளைக்காரிதானே?"

அதற்குமேல் அவளுக்குச் சிரிக்க வரவில்லை. குடத்தைத் தண்ணீரில் சாய்த்தாள். பாதிக் குஞ்சுகள் உள்ளே வந்ததும், "போதும்க்கா" என்றது விரால். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சா எனக்கு நெஞ்சு தாங்காது."

குருவம்மா தன் பிள்ளையைப் போலத்தான் அவற்றை வளர்த்தாள். நத்தையை அவித்து நசுக்கிப் போட்டாள், பழைய சோற்றைப் பிசைந்து போட்டாள். தொட்டி விளிம்பில் அகப்பையால் டொக் டொக்கென்று தட்டுவாள். அவள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். சின்ன இடம், கூட்டமோ பெரிசு. திரும்பும்போதெல்லாம் கல்லில் உரசி உரசி வால் நுனி தேய்ந்துபோனது. அவளும் பார்த்தாள். 'வால் தேஞ்சா என்ன, வயிறு நெறஞ்சாச் சரி' என்று விட்டுவிட்டாள்.

மழை வந்தது. ஆறு மறுபடி ஓடியது. குருவம்மா சொன்ன சொல் மாறாமல் குடத்தைக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

"யம்மா, எம்புட்டுக் கொழுகொழுன்னு இருக்கு!" என்று தாய் விரால் ஒவ்வொன்றையும் மோந்து மோந்து பார்த்தது. மடுவில் வளர்ந்தவை ஒல்லிக்குச்சியாக ஒதுங்கி நின்றன. அவற்றின் வால் மட்டும் விசிறி மாதிரி முழுசாக விரிந்திருந்தது.

அந்தச் சந்தோஷம் வெயில் சாய்கிறவரைகூட நிற்கவில்லை. கரையில் மூக்கையா வந்து நின்றான். அவன் நிழல் தண்ணீரில் நீண்டது. மடுக் குஞ்சுகள் கண் சிமிட்டுவதற்குள் வேருக்கடியில் போய் ஒளிந்தன. தொட்டிக் குஞ்சுகளோ, "சோறு! சோறு!" என்று மேலே பாய்ந்தன.

"கீழ போங்க! கீழ!" என்று தாய் கத்தியது. அவை திரும்பிப் பார்த்தன. "அம்மா, நிழல் வந்துருச்சும்மா, சோறு வரும்" என்றன.

மூக்கையா அன்று வீட்டுக்கு வந்து கூடையை இறக்கினான். "இன்னைக்கு ஒரு வேடிக்கை, குருவு. இதெல்லாம் இழுக்கவே வேணாம், ஈரத்துணி மாதிரி வருது. கடைசியா ஒரு ஒல்லிப்பய மாட்டுனான் பாரு! கம்பை வளைச்சு, வேருக்குள்ள பூந்து, நூலையே அறுத்துட்டுப் போயிட்டான் பாவி!"

குருவம்மா கூடையைப் பார்த்தாள். எல்லாம் தேய்ந்த வால். பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் துறையில் விரால் காத்திருந்தது.

"மன்னிச்சிருடி. நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"பேச நேரமில்லக்கா. நேத்துல இருந்து என் மடுப் பிள்ளைகளும் மேல வருதுக. 'நிழல்னா சோறாம்மா, அண்ணன் சொல்றான்'னு கேக்குதுக. இன்னும் கொஞ்ச நாள் விட்டா ஒன்னுகூட மிஞ்சாது. மிஞ்சி இருக்கிற உன் தொட்டிப் பிள்ளைகளை நீ கூட்டிட்டுப் போயிரு."

"என்னடி இது! எல்லாம் நீ பெத்ததுதானே?"

"பெத்தது நான்தான். நான் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது. நீ தட்டுனா வருது."

குருவம்மா தூளியில் கிடந்த தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன், தாயி. எங்க வீட்டுல சோறு இருக்கிற வரைக்கும் அதுக தொட்டியில இருக்கும். இல்லாத நாளைக்கு என் பிள்ளை வயிறு இருக்கு" என்றாள்.

"தெரியும். வால் முழுசா இருக்கிறதை மட்டும் விட்டுரச் சொல்லு உன் வீட்டுக்காரரை."

"தேஞ்சது?"

விரால் தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொண்டது. மறுபடி மேலே வந்தபோது, "அது உன் வீட்டுது" என்றது.

குருவம்மா குடத்தைச் சாய்த்துப் பிடித்து, துறைக்கல்லில் அகப்பையால் தட்டினாள். டொக் டொக். தேய்ந்த வால்கள் சந்தோஷமாக ஓடி வந்தன. அடியில் தாய் தன் உடம்பால் மறித்து மற்றவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒன்று மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. இருப்பதிலேயே சின்னது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது. தாய் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அது வந்தால், அடுத்த நிழலுக்கு எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று பயம். கூப்பிடாமல் இருக்கவும் முடியாமல் தாயின் செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது.

குருவம்மா இன்னொரு தரம் தட்ட அகப்பையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தக் கையின் நிழல் போய்ச் சின்னதின்மேல் விழுந்தது. அது ஒரு நடுங்கு நடுங்கியது. பிறகு தேய்ந்த வாலை வீசி, விருட்டென்று கீழே போனது.

குருவம்மா அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு, குடத்தைத் தூக்கினாள்.

"வால் முழுசா இருந்தா விட்டுரணும்" என்று வீட்டில் சொன்னாள்.

"அப்புறம் சோத்துக்கு?" என்றான் மூக்கையா.

"தொட்டி இருக்கு."

விரால் அதற்குப் பிறகு துறையில் தலை நீட்டவில்லை. கரையில் யார் நின்றாலும் அங்கே நிழல் விழுமே! அதைப் பார்த்து மற்ற மீன்களும் மனுஷரோடு பேசுவதை விட்டுவிட்டன.

அன்று முதல்தான் அந்த ஆற்றுத் தூண்டில்காரர்கள் விரால் மாட்டியதும் அதன் வாலை உள்ளங்கையில் விரித்துப் பார்க்கிறார்கள். தேய்ந்திருந்தால், மழையில் தொட்டி நிரம்பி ஆற்றுக்கு வழிந்து வந்த தொட்டிப் பிள்ளை, கூடைக்குப் போகும். முழுசாக இருந்தால் மடுப் பிள்ளை, தண்ணீருக்குப் போகும். எப்போதாவது, வால் தேய்ந்திருந்தும் நூல் அறுகிற மாதிரி மல்லுக்கட்டும் ஒன்று மாட்டுவதுண்டு. அதை யாரும் கூடையில் போடுவதில்லை. தண்ணீரில் விட்டு, தங்கள் நிழல் அதன்மேல் விழுகிற மாதிரி குனிந்து நின்று, அது கீழே போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறார்கள்.